தண்ணி டாங்கி முடக்கில் இறுகிய ஹெண்டல்

எனக்கு ஒரு விஷயம் பாதி தெரிந்து பாதி தெரியாமல் இருந்தால் சோறு இறங்காது. இதற்காகவே எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எனக்குப் பட்டப்பெயர்கள் உண்டு. எல்லாம் எனக்குத் தெரியும், எது யார் வைத்தது என்பதும் தெரியும். மஸ்கெலியாவிலிருந்து மேலே ஏறி வரும் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில் எனக்கு வேலை. கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் காலையில் குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். இடுப்பிலிருந்து பிள்ளையை இறக்கிவிடும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அவரவர் வீட்டுச் சண்டை, சமாதானம், வயிற்றுவலி எல்லாம் என் முன்னால் வந்து விழுந்துவிடும். நான் எதுவும் கேட்பதில்லை. சரி, கொஞ்சம் கேட்பேன்.

அப்படிப்பட்ட எனக்கே சுதாகரன் வீட்டு விஷயம் பிடிபடவில்லை.

சுதாகரன் எங்கள் லயத்தில் கடைசிக் காம்பராவுக்காரன். வயரிங் பாஸ். எந்தத் தோட்டத்தில் புது வீடு கட்டினாலும் கரண்ட் இழுக்க இவனைத்தான் கூப்பிடுவார்கள். முன்பு நன்றாகக் குடிப்பான். மகள் தனுஷிகா பிறந்ததும் விட்டுவிட்டான். அவன் மனைவி கிருஷாந்தி கொழுந்துக்காரி, அதிகம் பேசாத பெண். நான் இத்தனை வருடம் முயன்றும் அவள் வாயிலிருந்து ஒரு சங்கதி வாங்கியதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வாகன இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு வந்த புது பைக்குகளில் ஒன்றை சுதாகரன் எடுத்தான். சிவப்பு நிறம். ஞாயிற்றுக்கிழமையானால் பிள்ளையைக் குளிப்பாட்டுவதற்கு முன்னால் அதைத்தான் குளிப்பாட்டுவான்.

அந்த பைக்கில்தான் புருசனும் பொஞ்சாதியும் மேல் டிவிசனுக்கு ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் போனார்கள். திரும்பி இறங்கும்போது தண்ணி டாங்கிக்குக் கீழே இருக்கிற முடக்கில் விழுந்தார்கள். பட்டப்பகல். மழைகூட அன்றைக்கு விட்டிருந்தது. நடந்து வருகிற ஆள் முந்திப் போகிற அளவுக்கு மெதுவாகத்தான் வந்திருக்கிறார்கள். அந்த முடக்கில் எல்லோரும் அப்படித்தான் வரவேண்டும், இல்லாவிட்டால் தேயிலைக்குள்தான் போய் நிற்க வேண்டும். பைக் வளைவில் திரும்பி, திரும்பியபடியே போய் ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் சாய்ந்துவிட்டது. சுதாகரனுக்கு முழங்கை சிராய்ப்பு. கிருஷாந்திக்கு வலது மணிக்கட்டு முறிந்து, டிக்கோயா ஆஸ்பத்திரியில் மாக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வலது கை இல்லாமல் கொழுந்து எடுக்க முடியுமா? வேலை போச்சு.

சுதாகரன் அன்றிலிருந்து சொன்னது ஒன்றுதான். "ஹெண்டல் இறுகிடுச்சி. நேராக்கப் பாத்தேன், வரல."

யார் நம்புவார்கள்? கல்யாண வீட்டிலிருந்து வந்தவன். அதுவும் பழைய குடிகாரன். மஸ்கெலியா கராஜ்காரர் பைக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். தேத்தண்ணிக் கடை சிவசாமி அவனை வழியில் கண்டால், "என்னா பாஸ், ஹெண்டல் இறுகிச்சா, இல்ல கண்ணு இறுகிச்சா?" என்பான். கடையில் இருக்கிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் ஹெண்டலை நேராக்கக் கை இரண்டையும் முறுக்கிக் காட்டுவானே, அதைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. பொய் சொல்கிறவன் நாளுக்கு நாள் ஒன்று கூட்டிச் சொல்வான். இவன் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அடுத்த வாரம் கிருஷாந்தியின் அப்பா அழகுமுத்து உடப்புசல்லாவையிலிருந்து வந்து இறங்கினார். தோட்டத்தில் காவல் வேலை பார்த்து ஓய்ந்தவர். உரப்பை நிறைய லீக்ஸும் கேரட்டும் கொண்டுவந்திருந்தார். நான் சும்மா இருப்பேனா? சுடச்சுட நாலு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே தூத்தல் நிற்காமல் பெய்தது. காயாத துணியெல்லாம் அடுப்புக்கு மேலே கொடியில் தொங்கியது. ஈர விறகு புகைந்ததில் எல்லோருக்கும் கண் கலங்கியது.

அழகுமுத்து ரொட்டியைத் தொடவில்லை. "மாப்புள, நான் ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லுங்க. எவ்வளவு போட்டீங்க?"

"ஒரு சொட்டு இல்ல மாமா. சோடா குடிச்சேன்."

"சோடாவுல என்னா கலந்துச்சி?"

"சோடாவுல சோடாதான் மாமா இருந்துச்சி."

"அப்ப புது பைக்கு எப்பிடி வுழுவும்? நடக்குற வேகத்துல வந்தேன்னு நீங்களே சொல்றீங்க. சின்னப் புள்ள சைக்கிள்கூட அந்த வேகத்துல வுழாதே."

"அதான் மாமா எனக்கும் வெளங்கல. ஹெண்டல் இறுகிடுச்சி."

"கராஜ்ல பாத்தாங்களே."

"பாத்தாங்க."

"இறுகுச்சா?"

"இல்ல."

பெரியவர் பெருமூச்சு விட்டார். கெட்ட மனிதர் இல்லை. மகள் கையில் மாக்கட்டைப் பார்த்தால் எந்த அப்பனுக்கும் வயிறு எரியத்தான் செய்யும். "சரி. வெள்ளிக்கெழம மாரியம்மன் கோயில்ல சூடம் கொளுத்துவோம். அத ஒங்க கையால அணைச்சி, நான் குடிக்கலன்னு சத்தியம் பண்ணுங்க. அதுக்குப் பொறவு நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். இல்லாட்டி, என் மகளையும் பேத்தியையும் கூட்டிக்கிட்டு நான் ஊருக்குப் போறேன். குடிகாரன் பைக்குல ஏத்தி விடுறதுக்கு நான் புள்ள வளக்கல."

"பண்றேன் மாமா. வெள்ளிக்கெழம என்னா, இப்பவே வாங்க."

"வேணாம்."

சொன்னது கிருஷாந்தி. மடியில் மாக்கட்டுக் கையை வைத்துக்கொண்டு பிள்ளைக்கு ரொட்டி பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை. "சூடமும் வேணாம், சத்தியமும் வேணாம். அவரு குடிச்சாருன்னே இருக்கட்டும்."

என் கையில் இருந்த ரொட்டி வாய்க்குப் போகாமல் அப்படியே நின்றுவிட்டது. சுதாகரனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஊர் சொன்னபோதெல்லாம் தாங்கியவன், எழுந்து தூத்தலில் போய் நின்றுகொண்டான்.

"பாத்தீங்களா ராசம்மா, பின்னால உக்காந்து வந்தவளே சொல்லிட்டா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார் அழகுமுத்து. "வெள்ளிக்கெழம மொத பஸ்ஸுக்கு கெளம்பும்மா." அவள் பிள்ளைக்கு அடுத்த துண்டு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள்.

கண்ணால் பார்த்தவள் இப்படியா சொல்வாள்? குடித்தான் என்றால் குடித்தான் என்று கத்தவேண்டும், என் கையை ஒடித்தாயே என்று நாலு வார்த்தை கேட்கவேண்டும். குடிக்கவில்லை என்றால் சத்தியம் பண்ணட்டும் என்று விடவேண்டும். இது என்ன ரெண்டுங்கெட்ட பேச்சு? அவளிடம் கேட்டேன். "விடுங்கக்கா" என்றாள். அதற்கு மேல் அவளிடம் ஒன்றும் பெயராது.

மறுநாள் சுதாகரன் பைக் கம்பெனிக்கே போன் போட்டான். நான்தான் போடச் சொன்னேன். சத்தத்தைக் கூட்டி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைக்கச் சொன்னதும் நான்தான். எடுத்த பெண் தன் பெயர் ஷாமிலா என்றாள். நல்ல தன்மையாகப் பேசினாள். எந்த இடம், என்ன வேகம், ரோடு ஈரமா, பின்னால் ஆள் இருந்ததா, டயரில் காற்று சரியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். சுதாகரனும் ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"உங்க முறைப்பாட்டப் பதிஞ்சிட்டேன் சேர். பைக்க ஒருக்கா எங்க சேர்விஸுக்குக் கொண்டு வாங்க, செக் பண்ணுவாங்க."

"கராஜ்ல பாத்துட்டாங்க மிஸ். ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

"அப்ப நாங்க என்ன சேர் செய்ற?" அந்தப் பிள்ளையின் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "இதே முறைப்பாடு வேற ஆக்களும் சொல்லி இருக்காங்க. எங்க ஆக்கள் பார்த்தா பைக் நல்லாத்தான் இருக்குது."

வேறு ஆட்களா! எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது. ஆனால் யார், எந்த ஊர் என்று சொல்ல அவளுக்கு அனுமதி இல்லையாம்.

அப்போதுதான் அழகுமுத்து தொண்டையைச் செருமினார். "செவப்பு பைக்கு... எங்க ஊரு தொரைராசா மாஸ்டரும் இதே மாதிரி ஒண்ணு வச்சிருந்தாரு. பள்ளிக்கொடத்து எறக்கத்துல வுழுந்து கால ஒடிச்சிக்கிட்டாரு."

"மாமா! இத நேத்தே சொல்லக்கூடாதா?"

"அது கண்ணூறுன்னு சொன்னாங்க மாப்புள."

துரைராசா மாஸ்டர் யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்து அங்கேயே தங்கிவிட்டவர். அவருக்கும் போன் போட்டோம். "ஓம், கதையுங்கோ" என்றார். "அதே பைக்தான் தம்பி. இடப்பக்கம் திரும்பேக்கை ஹெண்டில் அப்பிடியே இறுகிப் போச்சுது. நானும் எல்லாரிட்டையும் சொல்லிப் பாத்தனான். சனம் கண்ணூறு எண்டு மிளகாய் சுத்திப் போட்டவை. நான் என்ன செய்ய, கால நீட்டிக்கொண்டு இருக்கிறன்."

போனை வைத்த பிறகு சுதாகரன் மாமனாரைப் பார்த்தான். "மாஸ்டர் வுழுந்தா கண்ணூறு. நான் வுழுந்தா சாராயம். அப்பிடித்தானே மாமா?"

அப்படியும் பெரியவர் மனம் மாறவில்லை. "ரெண்டு பேரு சொல்லிட்டா பைக்கு குத்தவாளியாயிருமா? இறுகட்டும், நான் கண்ணால பாக்குறேன்" என்றார். வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி ஹெண்டலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார்கள். வெண்ணெய் மாதிரி திரும்பியது. ரோட்டில் ஓட்டிக் காட்டினான். பூனைக்குட்டி மாதிரி போய் வந்தது. கிருஷாந்தி வாசலில் நின்று பைக்கைப் பார்க்காமல் அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் கவனித்தேன், ஆனால் ஏன் என்று புரியவில்லை.

வியாழக்கிழமை காம்பராப் பிள்ளைகளுக்குப் பால்மா வாங்க நான் டவுனுக்குப் போகவேண்டியிருந்தது. பஸ் வரவில்லை. என் தங்கச்சி மகன் நிரோஷன் அவனுடைய பைக்கில் ஏறச் சொன்னான். என் வாழ்க்கையில் பைக் ஏறியதில்லை. சேலையைச் சொருகிக்கொண்டு, எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டு ஏறினேன். இறக்கம் தொடங்கியதும் திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. பைக் மட்டும் போகிறது. காற்றும் தண்ணீர் ஓடுகிற சத்தமும்தான் கேட்கிறது.

"அடேய், நின்னு போச்சிடா! எறக்கி வுடுடா என்னைய!"

"கத்தாதீங்க பெரியம்மா. நான்தான் சாவிய மூடுனேன்."

"ஏன்டா மூடுன, பாவி?"

"எறக்கத்துல எவனாவது எஞ்சின ஓட வுடுவானா? பெட்ரோல் கியூவுல நின்ன காலத்துலேருந்து எல்லாரும் இப்பிடித்தான். மேல இருந்து டவுன் வரைக்கும் சும்மா உருளும்."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான்."

டவுனில் நிறுத்தியதும் அவன் ஹெண்டலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பி, சாவியை ஓர் அழுத்து அழுத்தித் திருகினான். டக்கென்று ஏதோ விழுந்தது.

"இது என்னாடா?"

"லொக்கு பெரியம்மா. இனி ஹெண்டல் அசையாது. யாரும் தள்ளிக்கிட்டுப் போக ஏலாது."

"அசையாதா?" நான் ஹெண்டலைப் பிடித்து இழுத்தேன். கல்லில் அடித்த மாதிரி நின்றது. "டேய், சாவிய மூடிக்கிட்டு எறங்கும்போது இந்த லொக்கு தானா வுழுந்தா?"

"வுழாது. அழுத்துனாத்தான் வுழும்."

"பைக்குல கொறை இருந்து, அழுத்தாமலே வுழுந்தா?"

நிரோஷன் குனிந்து சாவித் துவாரத்தைப் பார்த்தான். "இடப்பக்க முடக்குல மட்டுந்தான் வுழும். முழுசா ஹெண்டல் திரும்பியிருந்தா..." என்று இழுத்தான். பால்மாவை வாங்கினேனா, மீதிச் சில்லறையை வாங்கினேனா என்று எனக்கு நினைவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஷாமிலா இத்தனை கேள்வி கேட்டாளே, எஞ்சினை மூடிவிட்டா வந்தீர்கள் என்று கேட்கவில்லை. பைக்கை ஓட்டும்போது சாவியை மூடுவார்கள் என்று அவள் கனவிலாவது நினைப்பாளா? சுதாகரனும் சொல்லவில்லை. செருப்புப் போட்டுக்கொண்டு நடந்தேன் என்று யாராவது சொல்வார்களா? கராஜ்காரர் எஞ்சினைப் போட்டுத்தான் ஓட்டிப் பார்த்தார். வாசலில் நாங்களும் சாவியைத் திறந்து வைத்துத்தான் ஆட்டினோம். விழுந்த அன்றைக்கும் பைக்கைத் தூக்கி சாவியைத் திறந்ததும் லொக்கு தானாக விட்டிருக்கும், யாருக்குத் தெரியும்?

நான் வந்து சொன்னதும், அன்றைக்கே மலையிலிருந்து கொழுந்துக்காரிகள் இறங்குகிற நேரத்துக்கு எல்லோரும் தண்ணி டாங்கி முடக்கில் நின்றோம். அழகுமுத்து குடையோடு வந்தார். கிருஷாந்தி பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு ரோட்டோரம் நின்றாள். அவளுடைய பை வீட்டில் கட்டித் தயாராக இருந்தது. நான் போகும்போதே பார்த்துவிட்டேன்.

"மாப்புள, இது கடைசி" என்றார் பெரியவர்.

சுதாகரன் மேலேயிருந்து சாவியை மூடிக்கொண்டு உருண்டு வந்தான். வளைந்தான். ஒன்றும் ஆகவில்லை. பைக் அழகாகக் கீழே போய் நின்றது. கொழுந்துக்காரிகளில் யாரோ சிரித்தார்கள். அழகுமுத்து குடையை மடக்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாம் என் வாயால் வந்த கூத்து என்று நினைத்தேன்.

"இன்னொருக்கா வாரேன்" என்றான் சுதாகரன். அந்தக் குரலைக் கேட்டு யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டாம் முறை அவன் அன்றைக்கு வந்த மாதிரியே முடக்கின் உள்பக்கத்தை ஒட்டி வந்தான். அங்கே கொங்கிரீட் பெயர்ந்து ஒரு குழி இருக்கிறது. முன்சில்லு குழியில் இறங்கிக் குலுங்கியது. டக்! என் காதில் தெளிவாகக் கேட்டது. ஹெண்டல் திரும்பியபடி நின்றுவிட்டது. சுதாகரன் இரண்டு கையாலும் முறுக்கினான், எங்களிடம் இத்தனை நாளாக முறுக்கிக் காட்டினானே, அப்படியே. பைக் அவனையும் தூக்கிக்கொண்டு கானுக்குள் சாய்ந்தது.

அழகுமுத்து கானுக்குள் இறங்கி, விழுந்து கிடந்த பைக்கின் ஹெண்டலைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. காலை ஊன்றி இழுத்தார். "அடப்பாவி, அடப்பாவி" என்று பைக்கைத் திட்டினார். நிரோஷன் சாவியைத் திறக்கிற பக்கம் திருப்பிய பிறகுதான் அது விட்டது.

நான் அங்கே நின்றே ஷாமிலாவுக்குப் போன் போட வைத்தேன். நிரோஷன் எல்லாவற்றையும் சொன்னான்.

"ஓடுற நேரம் ஏன் சேர் சாவிய மூடுறீங்க?" என்றாள் ஷாமிலா.

அழகுமுத்து போனைப் பிடுங்கினார். "எறக்கத்துல எதுக்கும்மா எண்ணய எரிக்கணும்?"

"யா அல்லாஹ்" என்றாள் அவள். "இந்த முறைப்பாடெல்லாம் ஹட்டன், உடப்புசல்லாவ, பண்டாரவளை பக்கமிருந்துதான் வருது. கொழும்புல ஒண்டும் இல்ல, மட்டக்களப்புல ஒண்டும் இல்ல. ஏன் மலைநாட்டுல மட்டும்னு நாங்க எல்லாரும் மண்டைய ஒடச்சிக்கிட்டு இருந்தோம்." பைக்கை இனி ஓட்டவேண்டாம், லொறி அனுப்பி எடுப்பார்கள், இன்றைக்கே மேலே சொல்லி இந்த வகை பைக் எல்லாவற்றையும் திருப்பிக் கூப்பிடச் செய்கிறேன் என்றாள். மற்றவர்களுக்கும் சொல்லுங்கள், சாவியை மூடவேண்டாம் என்று சொல்லுங்கள் என்று இரண்டு முறை சொன்னாள்.

பெரியவர் மருமகனிடம் போனார். "மாப்புள, என்னைய மன்னிச்சிருங்க."

சுதாகரன் கான் ஓரத்தில் சேற்றோடு உட்கார்ந்திருந்தான். அவரை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தான். "இப்ப இரும்பு சொன்னா நம்புறீங்க. நான் சொன்னப்ப ஒருத்தரும் நம்பல. ஊரு கெடக்கட்டும். நீ எம் முதுகுல மூஞ்ச வச்சிக்கிட்டுத்தானே வந்த? வாட அடிச்சிச்சா?"

"இல்ல" என்றாள் கிருஷாந்தி.

"தெரிஞ்சிக்கிட்டா சொன்ன, குடிச்சாருன்னே இருக்கட்டும்னு?"

"தெரிஞ்சிக்கிட்டுத்தான் சொன்னேன்." அவள் மாக்கட்டுக் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ஒங்கப்பாவுக்கு வாதம் எப்பிடி வந்துச்சி? தேயிலச் செடி கவ்வாத்து வெட்டிக்கிட்டு இருந்தவருக்குக் கை இறுகிடுச்சி, கத்தி கீழ வுழுந்துருச்சி, அதுக்குப் பொறவு அவரு படுக்கைய வுட்டு எந்திரிக்கவே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? பைக்குல கொறை இல்லங்குறாங்க, ஹெண்டல் இறுகிடுச்சின்னு நீங்க சொல்றீங்க. அப்ப இறுகுனது எதுங்க? குடிச்சி வுழுந்திருந்தா நிப்பாட்டிருவேன். அழுதாவது, அடிச்சாவது நிப்பாட்டிருவேன். கையே இழுத்துக்கிச்சின்னா நான் எங்க போயி நிப்பாட்டுவேன்? நீங்க சூடத்த அணைச்சிட்டா அந்த வாதந்தான்னு ஆயிரும்னு பயந்து செத்தேங்க நான்."

அவனுடைய அப்பாவின் கதை எனக்கும் தெரிந்ததுதான். லயத்துக்கே தெரியும். ஊர்ச் சங்கதி எல்லாம் சுமக்கிற என் மண்டையில் இது மட்டும் ஏறவில்லை. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிருஷாந்தி கானுக்குள் இறங்கி அவன் பக்கத்தில் குந்தினாள். மாக்கட்டு இல்லாத இடது கையை நீட்டினாள்.

"புடிங்க. ரெண்டு கையாலயும் புடிங்க."

பிடித்தான்.

"நசுக்குங்க."

"எதுக்குப் புள்ள..."

"நசுக்குங்கன்னா!"

அவன் நசுக்கினான். வலியில் அவள் முகம் சுருங்கியது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "இன்னும்" என்றாள்.